சிவப்பு பல்புக்கு ஒரு சுவிச்

வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு நான் குடிவந்தபோது வயரிங் வேலைக்கு வந்தவர் கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஆள். கழுத்தில் செபமாலை தொங்கியது. திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் சிவப்பு பல்பைப் பூட்டிவிட்டு, வயரை நேரே லைனில் கொடுக்கப் போனார். எங்கள் வீடுகளில் அதுதான் வழமை. பங்குச் சுவாமி வந்து வீட்டை ஆசீர்வதித்து, படத்தை மாட்டுகிற அன்று எரியத் தொடங்கும் பல்ப் அது. வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். நான் அதற்கு ஒரு சுவிச் வேண்டும் என்றேன்.

"இது நிப்பாட்டுற லைட் இல்லையே, மிஸ்?"

"தெரியும். நீங்கள் போடுங்கோ."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். இந்த மனுசி வேதக்காரிதானா என்ற சந்தேகம் அந்தப் பார்வையில் இருந்தது. சந்தேகத்தை எனக்கு யாரும் புதிதாக அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. காப்புறுதிக் கம்பனி ஒன்றின் இழப்பீட்டுப் பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை செய்தவள் நான். கடை எரிந்துபோனது, வான் மோதிப்போனது, சங்கிலி களவு போனது என்று வருகிறவர்களை உடனே நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த வேலையில் ஒன்று படித்தேன். உண்மையிலேயே இழந்தவன் முன்னுக்குப் பின் முரணாகக் கதைப்பான். ஒரே கதையை ஒரே மாதிரி, ஒரே குரலில் சொல்கிறவனிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

இந்தச் சுவிச்சுக்குக் காரணமானவர், கொட்டாஞ்சேனையில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த அன்ரி. என்னுடைய அந்தப் படிப்பின்படி பார்த்தால் முதலாவதாகச் சந்தேகிக்கப்பட வேண்டியவர் அவர்தான். எந்த இழப்புக்கும் அவரிடம் ஒரே கதை, ஒரே குரல். "அவர் பார்த்துக்கொள்ளுவார்." குழாய்க்காரன் நாளைக்கு வந்து பைப்பைப் பார்த்துக்கொள்வான் என்று சொல்கிற தொனியில் ஆண்டவரைப் பற்றிச் சொல்வார். வேறு காலமாயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் என் கணவர் றெஜி நோயில் விழுந்த பிறகு, அந்த மனுசியின் நம்பிக்கை நிசமா பாவனையா என்பது எனக்கு உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. என்னிடம் சொந்தமாக நம்பிக்கை ஏதும் இருக்கவில்லை. கடன் வாங்குவதென்றால் அன்ரியிடம்தான் வாங்க வேண்டும். போலிச் சரக்கை வாங்க நான் தயாரில்லை.

எங்கள் ஒழுங்கை ஒரு முச்சக்கரவண்டி மட்டும் போகக்கூடிய அகலம். எங்கள் முன்னறையில் நின்றால் அவருடைய முன்னறை முழுவதும் தெரியும். கால் மெஷின், மேலே கொடியில் தொங்கும் வெள்ளைச் சட்டைகள், சுவரில் படம், படத்துக்குக் கீழே சிவப்பு பல்ப். அன்ரி புதுநன்மைச் சட்டை தைப்பவர். முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் சின்னப் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் வைத்து, வலை வைத்து, முழங்காலுக்குக் கீழே இறக்கித் தைப்பார். துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய புருசன் நெஞ்சுவலியில் சட்டென்று போய்ச் சேர்ந்த பிறகு அதுதான் சீவியம்.

ஒரு மழைக்காலம், அடுத்த ஞாயிறு புதுநன்மை என்றிருக்க, அவருடைய கூரைத் தகடு பெயர்ந்து தண்ணீர் அத்தனை சட்டையிலும் கொட்டிவிட்டது. துருத்தண்ணீர். ஒழுங்கை முழுவதும் கூடிநின்று உச்சுக்கொட்டியது. அன்ரி அண்ணாந்து கூரையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், "சரி, அவர் பார்த்துக்கொள்ளுவார்" என்றார். பிறகு எலுமிச்சம்பழமும் உப்பும் கொண்டுவந்து ஒவ்வொரு கறையாகத் தேய்த்துத் தோய்த்து, ஈரம் போகு முன்னரே இஸ்திரிக்கை பிடித்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வெள்ளை வெளேரென்று கோயிலுக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு றெஜி அவரைக் காணும்போதெல்லாம், "அன்ரியின்ர ஆண்டவருக்கு நல்லா அயன் பண்ணத் தெரியும்" என்று பகிடி பண்ணுவார். அன்ரி சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையெல்லாம் இவர் செய்துவிட்டு, பெயரை அவருக்குக் கொடுக்கிறாரே, இது என்ன கணக்கு என்று யோசித்தேன்.

மகனின் விசயம் வந்தபோதுதான் என் சந்தேகம் முற்றியது.

அவருக்கு ஒரே மகன். வயரிங் பழகிக்கொண்டிருந்த பொடியன். இரத்மலானையில் வேலை கிடைத்திருக்கிறது என்று தாயிடம் சொல்லிவிட்டு ஒரு பையோடு போனவன், பிறகு ஒருநாள் ஃபோன் எடுத்து, "அம்மா, அவுஸ்திரேலியாவுக்குப் போட்டில ஏறப்போறன், செபம் பண்ணுங்கோ" என்றானாம். அவ்வளவுதான். அந்தப் படகு போய்ச் சேர்ந்ததென்றும் சொல்வாரில்லை, மூழ்கிப்போனதென்றும் சொல்வாரில்லை. செய்தி பரவியதும் ஒழுங்கைப் பெண்கள் அழுவதற்குத் தயாராக லேஞ்சியோடு போனோம். அன்ரி எங்கள் எல்லாருக்கும் பிளேன் ரீ போட்டுத் தந்தார். "அவர் பார்த்துக்கொள்ளுவார்" என்றார். அந்தக் கிழமையே மீன்காரனின் சைக்கிளை மறித்து, "மல்லி, மே ஈயே மாளு நேத?" என்று சிங்களத்தில், நேற்றைய மீனை இன்றைக்கு விற்கிறாயா என அவனோடு சண்டைபிடித்து விலை குறைத்து வாங்கினார். கடலில் மகனைத் தொலைத்தவள் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து மீன் வாங்குவாளா?

என் முடிவு இதுதான்: பொடியன் போய்ச் சேர்ந்துவிட்டான். தாய்க்குத் தெரியும். வெளியில் சொன்னால் ஏஜென்சிக்காரன், பொலிஸ், விசாரணை என்று வரும், அதனால் வாய் திறக்காமல் இருக்கிறார். இந்த அமைதிக்குக் காரணம் ஆண்டவர் இல்லை, ஃபோன்.

அத்தாட்சிகளும் கிடைத்தன. ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு அன்ரி மகனுக்கு ஒரு சேட் தைப்பார். அதில் அதிசயமில்லை, தாய் மனம். ஆனால் வரவர அந்தச் சேட் பெருத்துக்கொண்டு போனது. ஒருமுறை அவர் துணி வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். இடுப்புப் பக்கம் நன்றாக இளக்கி வெட்டினார். கண்ணால் காணாத பிள்ளையின் அளவு இவருக்கு எப்படித் தெரியும்? நவம்பரில் இறந்த ஆத்துமாக்களுக்குப் பூசை வைக்கும்போது மகனின் பெயரைக் கொடுக்கச் சொல்லி அவருடைய தமக்கையே பாமன்கடையில் இருந்து வந்து மன்றாடினார். அன்ரி மறுத்துவிட்டார். "உயிரோட இருக்கிறவனுக்குச் செத்தவீட்டுப் பூசையோ, அக்கா?" என்று கேட்டார். அவ்வளவு உறுதியாக.

எல்லாவற்றிலும் பெரிய அத்தாட்சி அந்தச் சிவப்பு பல்ப். எந்த வீட்டிலும் அணையாத பல்ப், அவருடைய வீட்டில் மட்டும் இருந்திருந்து அணையும். ஒரு நாள், சிலவேளை மூன்று நான்கு நாள் இருட்டாக இருக்கும். பிறகு எரியும். அந்தப் பல்புக்கு மகன் வயரிங் பழகிய காலத்தில் ஒரு சுவிச் போட்டிருந்தான். அதுவும் சரிவாக. எங்கள் பக்கத்து வீட்டு மனுசி, அன்ரி கரண்ட் பில்லுக்குப் பயந்து நிற்பாட்டுகிறார் என்றார். சந்திக் கடைக்காரர், வயரிங் பிழை, பொடியன் அரைகுறையாகச் செய்த வேலை என்றார். எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. மகனிடமிருந்து செய்தி வருகிற நாளுக்கும் இந்தப் பல்புக்கும் ஏதோ தொடுப்பு இருக்கிறது, யாருக்கோ அடையாளம் காட்டுகிறார் என்று நினைத்தேன். அலுவலகத்தால் வந்ததும் முதல் வேலையாக யன்னலால் எட்டிப்பார்ப்பேன். றெஜி பார்த்துவிட்டுச் சொல்வார், "கடைசித் தீர்வை நாளில நீர் ஆண்டவரிட்டயும் அடையாள அட்டை கேட்பீர்."

ஒருநாள் சோதித்தே பார்த்தேன். இது வேலையில் நான் பாவிக்கும் உத்தி. எதிர்பாராத நேரத்தில், தெரிந்தது போல ஒரு கேள்வி. அன்ரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடி, "மகன் கதைச்சவராம், என்ன?" என்றேன்.

அன்ரி எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். பிடி வலித்தது.

"ஆர் சொன்னது? ஆரோட கதைச்சவன்? பிள்ளை, நீர் ஏதும் கேள்விப்பட்டனீரோ?"

நான் ஏதோ குழறினேன். வேறு ஒரு ஆளைப் பற்றிக் கேட்டதாகச் சமாளித்தேன். அவர் என் கையை விட்டுவிட்டுக் கதிரையை நிமிர்த்தி வைத்து, விழுந்த ஊசியைத் தேடத் தொடங்கினார். அன்று பின்னேரம் பல்ப் அணைந்தது. அந்த முகத்தைக் கண்ட எந்த மனிதரும் சந்தேகத்தை அதோடு விட்டிருப்பார்கள். நான் வீட்டுக்கு வந்து, கெட்டிக்கார ஆட்கள் இப்படியும் நடிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வேலை அப்படி.

பிறகு றெஜிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். சதைத்துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, றிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நாட்கள்தான் என் சீவியத்தில் ஆக மோசமான நாட்கள். றிப்போர்ட் வந்த பிறகுகூட அவ்வளவு மோசமில்லை. றெஜி வழமை போலக் கிரிக்கெட் பார்த்தார். மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் படத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்பேன். வாயில் செபம் வரும், மனம் மட்டும் ஆண்டவரை மேசைக்கு எதிரே இருத்திக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டு பல்ப் ஒரு நிமிடமும் அணைந்ததில்லை. ஃபியூஸ் போய்விடுமோ என்று பயந்து புதிது ஒன்று வாங்கி அலுமாரிக்குள் வைத்திருந்தேன்.

அப்படி ஒரு காலையில் அன்ரி கஞ்சியோடு வந்தார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, என் தோளைத் தொட்டு, வழமையான குரலில் சொன்னார்.

"யோசியாதையும், பிள்ளை. அவர் பார்த்துக்கொள்ளுவார்."

எனக்குள் ஏதோ அறுந்தது. "உங்கட மகனைப் பார்த்துக்கொண்ட மாதிரியோ?" என்றேன்.

அன்ரி கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"அவனை எப்படிப் பார்த்துக்கொண்டவர் எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை. அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

"பிறகு எங்களுக்கு மட்டும் ஏன் அப்படிச் சொல்லுறீங்கள்?"

"அது உங்களுக்குச் சொல்லுறது. அவருக்கு நான் சொல்லுறது வேற."

"என்ன சொல்லுறனீங்கள்?"

"ஒண்டும் சொல்ல மாட்டன். பல்பை நிப்பாட்டிப்போட்டு இருப்பன்."

நான் விளங்காமல் பார்த்தேன். அவர் சாதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டு போனார். "புருசனோட கோவம் எண்டா நீர் என்ன செய்வீர்? கதைக்காமல் இருப்பீர். வீட்டை விட்டுப் போறேல்லையே. கதைக்காட்டியும் சோறு போடத்தானே வேணும். அதுமாதிரித்தான். அவன் போட்டில ஏறின செய்தி வந்த அண்டைக்கு முதல் முதல் நிப்பாட்டினனான். நீர் அண்டைக்கு வந்து மகன் கதைச்சவராம் எண்டு கேட்டீரே, அண்டைக்கும். கோவம் ஆறினாப் பிறகு போடுவன்."

யன்னலால் நான் எட்டியெட்டிப் பார்த்து வைத்திருந்த அத்தாட்சி இப்படி முடிந்தது. ஆனாலும் விடவில்லை. "அப்ப அந்தச் சேட்? அளவு பெருசாகிக்கொண்டு போகுதே?"

அன்ரிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரித்தார். "தகப்பனுக்கும் இந்த வயசிலதான், பிள்ளை, வயிறு வைச்சது."

எழும்பிப் போகும்போது வாசலில் நின்று எங்கள் சுவரைப் பார்த்தார். எங்கள் பல்ப் துப்புரவாக எரிந்துகொண்டிருந்தது.

"அங்க ஒருத்தரும் இல்லை எண்டு நினைச்சா நான் ஏன் நிப்பாட்டப்போறன்?" என்றார். "எரியிறது எரிஞ்சுகொண்டு கிடக்கட்டும் எண்டு விட்டிருப்பன்."

அது எனக்குத் தைத்தது. எனக்கென்று சொன்னாரோ, தன் பாட்டில் சொன்னாரோ, இன்றைக்கும் தெரியாது. ஆனால் நான் அப்படி இலகுவில் விழுகிற ஆள் இல்லை. நல்ல விளக்கம்தான். நல்ல விளக்கங்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். கடையைத் தானே கொளுத்தியவனிடமும் நல்ல விளக்கம் இருக்கும். இவர் இப்படி ஒரு கதை சொல்கிறார், இதைச் சரிபார்க்க வழியில்லை, அவ்வளவுதான் என்று மனதுக்குள் அந்த ஃபைலை மூடாமல் வைத்தேன். கஞ்சியை றெஜி குடித்தார். உப்புக் காணாது என்றார்.

றிப்போர்ட் கூடாததாக வந்தது. மழை முடிவதற்குள் றெஜி போய்விட்டார்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு பின்னேரமும் செபமாலை. நடத்தியது அன்ரி. செத்த வீடுகளில் எப்போதும் அவர்தான் முன்னால் முழங்காலில் இருந்து தொடங்குவார். குரல் உயராது, உடையாது, ஒரு கண்ணீர் வராது. அவருடைய சொந்தப் புருசனின் செத்தவீட்டிலும் அப்படித்தான் என்று ஒழுங்கை சொல்லும். இப்போது என் வீட்டில், என் றெஜியின் படத்துக்கு முன்னால், அதே குரல். எனக்கு ஆத்திரமாக வந்தது. தன்னோடு ஒழுங்கைக்குக் குறுக்கால் நின்று பகிடிவிட்ட மனிதனுக்காக ஒரு தடவை குரல் தடுக்கக்கூடாதா? போகும்போது ஒவ்வொரு நாளும் என் தோளைத் தொட்டு, "அவர் பார்த்துக்கொள்ளுவார், பிள்ளை" என்பார். கதவை அவர் முகத்தில் அடித்துச் சாத்த வேண்டும்போல இருக்கும். நானும் அழவில்லை. அழுதால் அவரும் அவருடைய ஆண்டவரும் வென்றதாகிவிடும் என்பது போல இறுகிப்போய் இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்தது. சொந்தக்காரர் எல்லாம் பஸ் பிடித்துப் போனார்கள். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். காலை வெயில் ஒழுங்கைக்குள் இறங்கியிருந்தது. பழக்கதோசத்தில் முன்னறை யன்னலடியில் போய் நின்றேன். இவ்வளவு நாளும் எங்கள் முன்னறை ஆட்களால் நிரம்பிக் கிடந்ததில் எதிர்ப்பக்கம் பார்க்கவே இல்லை.

அன்ரியின் சுவரில் பல்ப் எரியவில்லை.

என் புத்தி உடனே வேலை செய்தது. ஃபியூஸ் போயிருக்கும். கோவம் என்ன, பாசம் என்ன, ஒரு பல்ப் செத்திருக்கிறது, மனுசிக்கு ஏறி மாற்ற ஆளில்லை. அலுமாரியில் இருந்த புதுப் பல்பை எடுத்தேன். அன்ரியின் கோப்பை ஒன்று எங்கள் வீட்டில் கிடந்தது, அதையும் எடுத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தேன்.

அன்ரி வாசலுக்கு முதுகு காட்டி மெஷினில் இருந்தார். மடியில் வெள்ளை வலைத்துணி. நான் வந்தது கேட்டிருக்கும், ஆனால் திரும்பவில்லை. நான் நேரே படத்தடிக்குப் போனேன். மகன் சரிவாகப் பூட்டிய சுவிச். ஒரு விசயத்தை முடிப்பதென்றால் சரிபார்த்துவிட்டுத்தான் முடிக்க வேண்டும். சுவிச்சை அமத்தினேன்.

பல்ப் எரிந்தது.

மெஷின் நின்றது.

"நிப்பாட்டும், பிள்ளை" என்றார் அன்ரி. "றெஜியின்ர விசயத்தில நான் இன்னும் அவரோட கதைக்கத் தொடங்கேல்லை."

நான் நிறுத்தினேன். கையில் புதுப் பல்போடு, வெட்டுத்துணிகளுக்கு நடுவில் அவருடைய காலடியில் இருந்துவிட்டேன். றெஜி போன பிறகு அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, அதுவும் சத்தமாக. அன்ரி, ஒழுங்கைக்குக் கேட்கக் கூடாதென்று நினைத்தாரோ என்னவோ, மெஷினைத் திரும்பவும் பலமாக மிதிக்கத் தொடங்கினார். ஊசிக்குக் கீழே துணி இருக்கவில்லை.